ஒற்றியூர் நீங்கலாக

தேசங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர்க்கு அரசர்களும் யுத்தங்களும் போதும். ஒரு சிற்றூரின் சரித்திரத்தை எழுதப் புகுவோனோ, ஏரியைத் தூர் வாரியது யார், கோயில் விளக்குக்கு நெய் அளந்தது யார், வரி தண்டியவன் கணக்குக் காட்டினானா இல்லையா என்பன போன்ற, பெரிய நூல்களின் பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் விஷயங்களைத் தேடி அலைய வேண்டியவனாகிறான். அத்தகைய விஷயங்கள் பெரும்பாலான ஊர்களில் எழுதப்படாமலே போயின; எழுதப்பட்ட ஓலைகளையும் கறையான் விடவில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, இராயபுரத்தையும் தண்டையார்பேட்டையையும் தாண்டியதும் வருகிற திருவொற்றியூர் இவ்விஷயத்தில் பாக்கியம் செய்த ஊர். அங்கே ஆதிபுரீசுவரர் கோயிலின் சுவர்களிலும் தூண்களிலும் மண்டபக் கற்களிலும், பல்லவர் காலந்தொட்டு விஜயநகர காலம் வரையில், ஊரார் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகள் அவ்வப்போது வெட்டப்பட்டு வந்தன. 1912ஆம் ஆண்டில் சாசன இலாகாவினர் அங்கே படியெடுத்தவை மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை.

இன்றைக்கு அவ்வூரின் பெயரைச் சொன்னால் லாரிகளும் எண்ணெய்க் குழாய்களும் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரையில் அது செங்கற்பட்டு ஜில்லா சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்த, தோப்புகளும் உப்பளங்களும் சூழ்ந்த ஒரு கோயிற் சிற்றூராகவே இருந்தது. ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் தரிசனத்துக்காக அடிக்கடி நடந்து வந்தது இந்தச் சிற்றூருக்குத்தான்.

இக்கோயிலின் மூலவருக்கு எழுத்தறியும் பெருமான் என்றொரு திருநாமம் உண்டு. அதன் காரணத்தைத் தலபுராணம் சொல்லுகிற விதம், ஸ்தல ஸ்தாபனங்களில் உழைத்தவர் எவரையும் புன்னகை செய்யவைக்கும். அரசன் ஒருவன் எல்லா ஊர்களுக்கும் வரியை உயர்த்தி ஓலை எழுதச் செய்தானாம். ஓலை நாயகம் எழுதி முடித்த பின், இரண்டு அடிகளுக்கு நடுவே 'ஒற்றியூர் நீங்கலாக' என்ற சொற்கள் யாரும் அறியாமல் ஏறியிருந்தனவாம். எழுதியவன் கையும் அன்று, படித்தவன் கையும் அன்று என்று தெளிந்த அரசன், அது இறைவன் கைதான் என்று ஒப்புக்கொண்டு ஊரை வரியிலிருந்து விலக்கினானாம். சேக்கிழாரும் இதனைக் குறிப்பிடுகிறார். பக்தியுள்ளோர் இதைத் திருவிளையாடல் என்பர். தலைநகரத்திலிருந்து வரும் உத்தரவுகளின் கீழ் வாழ்ந்த சிற்றூர் ஒன்று தன் தெய்வத்தினிடம் வேறு எதைக் கேட்டிருக்க முடியும் என்பது அடியேனின் சந்தேகம்.

புராணத்தை விட்டுக் கல்லுக்கு வருவோம். கல்லிலே முதலில் நம் கண்ணிற் படுவது ஆடு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமானால், அதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்த உழக்கு நெய் தவறாமல் வருவதற்குத் தொண்டை மண்டலத்தில் வழக்கமாக 90 ஆடுகள் விடப்பட்டன. இவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். மந்தையில் கிழடுகள் செத்தாலும் குட்டிகள் பிறந்து எண்ணிக்கை நிரம்பிவிடும் என்ற கணக்கில், ஆட்டைப் பெற்றுக்கொண்ட மன்றாடி என்னும் இடையன், அவன் பிள்ளை, பேரன் என்று வழிவழியாக அந்த உழக்கு நெய்க்குப் பொறுப்பாளியாகிவிடுகிறான். முதலைத் தொடாமல் பலனை மட்டும் செலவிடுவது என்னும் இந்தத் தத்துவமே, ஆடு பொன்னாகவும் மன்றாடி சபையாகவும் மாறுகிறபோது, அக்காலத்து ஊராட்சியின் முதுகெலும்பாகிறது.

அபராஜித பல்லவன் காலத்திலேயே, ஒற்றியூரின் உட்கிடையான ஆதம்பாக்கத்து அமிர்தகணத்தார் என்ற குழுவினர், கோயிலுக்கென்று கொடுக்கப்பட்ட பொன்னைத் தாங்கள் வாங்கி வைத்துக்கொண்டு வட்டியைச் செலுத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கம்பவர்மன் காலத்தில், நிரஞ்சன குரு என்ற துறவி தாம் எழுப்பிய கோயிலுக்காக மணலிச் சபையாரிடம் நிலம் வாங்குகிறார். சபையார் அந்நிலத்தின் மேலுள்ள வரியை நீக்கிக் கொடுக்கிறார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பெயரோடு மட்டுமே இன்று பலரும் அறிந்துள்ள மணலிக்கு, நிலம் விற்கவும் வரியை விலக்கவும் உரிமையுடைய சபையொன்று ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

இவை யாவற்றினும் என் மனத்தைக் கவர்வது சதுரானன பண்டிதரின் சாசனம். வடமொழியில் அமைந்த அதன் கதாநாயகர் கேரள தேசத்தில் வல்லபன் என்ற பெயரோடு பிறந்து, கல்வி கேள்விகளிற் சிறந்து, சோழ நாடு புகுந்து, பராந்தக சோழனுடைய மூத்த மகன் இராஜாதித்தனுக்கு உற்ற துணைவராகி விட்டவர். 949ஆம் ஆண்டில் தக்கோலத்தில் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுடைய சேனையோடு நடந்த பெரும்போரில், இராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே உயிர் துறந்தான். அச்சமயம் வல்லபன் அருகில் இல்லை. தலைவனோடு மடியாமற் போனோமே என்ற வேதனையால் உலகைத் துறந்து, கங்கையில் நீராடி, பின்னர் ஒற்றியூரை அடைந்து, நிரஞ்சன குருவினிடம் தீக்ஷை பெற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு மடத்தின் தலைவரானார். தொண்டை மண்டலம் அப்போது வென்றவன் கையில் இருந்தது. தம் தலைவனைக் கொன்ற அதே கிருஷ்ணனுடைய இருபதாம் ஆட்சியாண்டில், அதாவது 959இல், இத்துறவி நூறு நிஷ்கம் பொன்னை எடுத்து, தாம் பிறந்த அவிட்ட நட்சத்திரத்தில் மாதந்தோறும் இறைவனுக்கு விசேஷ பூஜை நடைபெறுவதற்காக முதலீடு செய்கிறார்.

யாரிடம் முதலீடு செய்தார் என்பதே கவனிக்கத் தக்கது. வென்ற மன்னனுடைய அதிகாரியிடம் அன்று, மடத்துப் பொக்கிஷத்திலும் அன்று. நரசிங்கமங்கலம் என்ற ஊரின் சபையாரிடம். இராஜ்யங்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், போர்க்களத்தின் நிலையாமையை அநுபவித்தே அறிந்த ஒருவர், தம் பொன் என்றென்றும் வட்டி தரும் என்று நம்பிக் கொடுக்கத் தக்க இடம் ஒரு சிற்றூரின் சபைதான் என்று தீர்மானித்திருக்கிறார். அந்தச் சபை நிலம் உடையது. கடன் வாங்கும், நிலத்தை விற்கும், வாங்கியதை ஊரறியக் கல்லில் எழுதிவைக்கும். உத்தரமேரூர்ச் சாசனங்கள், 919லும் 921லும் வாரியத்துக்குக் குடவோலை இட்டுத் தேர்ந்தெடுத்த முறையை விவரிக்கும்போது, முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய உறவினரையும் குடத்தில் பெயரிடவே கூடாதென்று விலக்குவதும் இந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்கே.

இவற்றைப் படித்துவிட்டு, குடியரசு என்பது நம் முன்னோரின் சொத்து என்று மேடையில் முழங்குவோர் அநேகர். அவர்கள் அதே உத்தரமேரூர்ச் சாசனத்தின் மற்றப் பகுதிகளையும் படிக்க வேண்டும். சொந்த மனையும் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் மந்திர பிராமணமும் உடைய ஆடவனுடைய பெயரே குடத்தில் விழும். உழுதவனுக்கும் வலை வீசியவனுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. கணக்கு நேர்மையாக இருந்தது. கணக்கைக் கேட்கும் உரிமை சிலருக்கே இருந்தது.

ஆயினும், உரிமை இல்லாதவர்களின் குரலும் ஒற்றியூர்க் கல்லில் ஒருமுறை ஏறியிருக்கிறது. கோயிலிலே பாடுவதும் ஆடுவதும் கவரி வீசுவதும் மற்றக் கைங்கரியங்களுமாகப் பணி செய்துவந்த மகளிர், பதியிலார், இஷபத்தளியிலார், தேவரடியார் என்று பல பிரிவினராக இருந்தனர். எந்தப் பணி எவருடையது, எவருக்கு முதன்மை என்பதில் அவர்களுக்குள் பிணக்கு மூண்டது. பதினான்காம் நூற்றாண்டின் இடையில், சம்புவராயர் ஆண்ட காலத்தில் ஒருமுறை அது தீர்த்துவைக்கப்பட்டும் தீராமல், விஜயநகரத்துக் கம்பண உடையார் காலத்தில் மீண்டும் கிளம்பி, மகளிர் தங்கள் பணியையே நிறுத்திவிடும் அளவுக்கு முற்றியது. வேலை நிறுத்தம் என்பதைத் தொழிற்சாலைகளோடு பிறந்த சமாசாரமாக எண்ணுவோர்க்கு இது வியப்பாக இருக்கலாம். விசாரணைக்காக அதிகாரிகளும் கோயிலாரும் நாட்டாரும் கைக்கோளர் முதலிய பணியாளர் கூட்டத்தாரும் கூடினர். கூடிய இடம் வியாகரணதான மண்டபம். பாணினியின் இலக்கணத்தைக் கற்பிப்பதற்கென்று முன்பே சோழர் காலத்தில் மானியங்களோடு அமைக்கப்பட்ட அதே மண்டபம். இன்னார் இன்ன பணியைச் செய்வது என்று முடிவாயிற்று. முடிவு வழக்கம்போலக் கல்லில் ஏறிற்று.

அதற்குப் பின் கல் பேசுவது குறைந்து காகிதம் பேசத் தொடங்குகிறது. ஊரைப் பற்றிய முடிவுகள் ஊருக்கு வெளியே எழுதப்படுகின்றன. 1708இல் ஆற்காட்டு நவாபு தாவூத் கான், திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, நுங்கம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து ஊர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கொடுத்ததைத் திரும்பக் கேட்பதும் மறுப்பதுமாகச் சில ஆண்டுகள் சென்றன. 1717இல் கவர்னர் ஜோசப் காலெட் அவற்றை மீண்டும் வசப்படுத்திக்கொண்டபோது ஒற்றியூரில் ஒரு சிறு சண்டையே நடந்தது. இந்தக் காலெட் துரை, கம்பெனியின் துணி வியாபாரத்துக்காக நெசவாளிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய பேட்டைதான் ஜனங்களின் வாயிற் காலடிப்பேட்டை ஆகியது. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் அவர் காலத்தோடு சம்பந்தம் சொல்லுவர்: நாள்தோறும் காஞ்சிபுரம் சென்று வரதரைச் சேவித்து வருவதால் உத்தியோகத்துக்குத் தாமதமாக வரும் வீரராகவன் என்ற சிப்பந்திக்காகத் துரை இங்கேயே கோயில் எழுப்பினார் என்பது கர்ணபரம்பரை. துணி வந்தால் போதும் என்றிருந்த கம்பெனிக்கு, நெசவாளி ஊரில் தங்குவதற்குக் கோயில் அவசியம் என்பது தெரிந்திருந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்வதே எனக்குப் போதுமானது.

1688 செப்டம்பர் 29ஆம் தேதி மேயரும் ஆல்டர்மன்களுமாகத் தொடங்கப்பட்ட சென்னை நகர சபை, இந்தத் தேசத்து நகர சபைகளில் மூத்தது. ஆனால் அதன் எல்லை மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்து தண்டையார்பேட்டையோடு நின்றுவிட்டது. இராயபுரத்துக்கு 1856இல் ரயில் வந்தது. அங்கிருந்து வாலாஜா வரைக்கும் ஓடிய வண்டிதான் தென்னாட்டின் முதற் பிரயாணிகள் ரயில். இராயபுரம் நகரம், அங்கிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய ஒற்றியூர் நாட்டுப்புறம். இரண்டுக்கும் நடுவே, நகரத்துக்குள் நுழையும் வண்டிகளிடம் சுங்கம் வாங்கிய இடம் இன்றளவும் டோல்கேட் என்றே வழங்கிவருகிறது. 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ ரயிலிலும் அங்குள்ள நிலையத்துக்குச் சுங்கச்சாவடி என்றே பெயர். அதற்கு அடுத்தது காலடிப்பேட்டை.

எல்லைக்கு அப்பாலிருந்த ஊர்களுக்கு ஸ்தல சுயாட்சி வந்த கதையை விஸ்தரிப்பதில் சுவை இல்லை. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் வருஷத்துத் தீர்மானம், அதையொட்டி 1884இல் வந்த சென்னை ஸ்தல போர்டுகள் சட்டம், ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்ற மூன்றடுக்கு, 1920இல் புதுச் சட்டம், 1934இல் தாலுகா போர்டுகளின் மறைவு, 1950லும் 1958லும் பஞ்சாயத்துச் சட்டங்கள் என்று அது செல்லுகிறது. பெயர்கள் மாறினவே தவிர, சிற்றூர்களின் பெட்டியில் விழுந்த காசு சொற்பம். வீட்டு வரியை ஜனங்கள் வெறுத்தார்கள்; வெறுத்ததற்குக் காரணம், வரியாகச் சென்ற ரூபாய் விளக்குக் கம்பமாகவோ சாக்கடையாகவோ திரும்பி வந்ததை அவர்கள் காணாததே.

அந்தப் பெட்டி கனத்தது ஆலைகள் வந்த பிறகுதான். தீப்பெட்டி செய்த விம்கோ ஏற்கெனவே இருந்தது. 1946இல் பலூன் செய்யும் ஒரு கொட்டகையாகப் பிறந்தது எம்.ஆர்.எஃப். 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வேரூன்றிப் பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1955இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி எழுந்தது. கோயில் மணிக்கு எழுந்த ஊர் ஆலைச் சங்குக்கு எழப் பழகிற்று. வீட்டு வரியை நம்பியிருந்த ஊர்களுக்கு ஆலைகளின் சொத்து வரியும் வந்து சேர, திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகிய மூன்றும் நாளடைவில் தனித்தனி நகராட்சிகளாயின. நகராட்சி என்றால் என்ன? சேர்மனை வீதியில் நிறுத்திக் கேட்கலாம். தண்ணீர் லாரி வராவிட்டால் குடத்தோடு அலுவலக வாசலில் உட்காரலாம். சபையில் நேற்று யார் யாரைத் திட்டினார்கள் என்பது இன்று காலை டீக்கடையில் தெரிந்துவிடும். அதன் குறைகளும் அவ்வாறே ஊரறிந்தவை. ஆலைப் புகைக்கும் கழிமுகத்தில் சேர்ந்த சாம்பலுக்கும் நகராட்சி மன்றங்கள் அணை போட்டதாக எந்தச் சரித்திரமும் சொல்லாது. அந்த அதிகாரம் அவற்றுக்கு இருந்ததுமில்லை.

கடற்கரையில், சட்டத்தின் ஏட்டில் இடம் பெறாத மற்றோர் ஆட்சி இதற்கெல்லாம் முன்பிருந்தே நடந்து வருகிறது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எண்ணூர்க் குப்பம், முகத்துவாரக் குப்பம், காட்டுக்குப்பம் என்று வரிசையாக உள்ள மீனவர் குப்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. கலியாணமான ஆடவன் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. திருவிழாவுக்கும் வழக்குக்கும் கடலில் காணாமற் போனவன் குடும்பத்துக்கும் அந்தப் பணம். இன்று கடலுக்குப் போகலாமா, கூடாதா என்று பஞ்சாயத்து சொல்லிவிட்டால், கட்டுமரமானாலும் ஃபைபர் படகானாலும் கரையிலேதான் கிடக்கும். வடக்கே பழவேற்காட்டுக் காயலில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. நல்ல மீன் படும் இடங்களில் யார் எந்த இரவு வலை கட்டுவது என்பதைத் தலைக்கட்டு வாரியாக முறை வைத்துப் பங்கிடுவார்கள். பலசாலி என்பதற்காக எவனும் அதை மீறமுடியாது. இதையும் மிகைப்படுத்திப் புகழ்வதற்கில்லை. மீனை விற்றுக் குடும்பத்தை நடத்தும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவது அரிது; கட்டுப்பாட்டை மீறியவனை ஊர் விலக்கம் செய்த கொடுமைகளும் உண்டு. ஆனால் நரசிங்கமங்கலத்துச் சபையிடம் இருந்த ஒன்று இதனிடமும் இருக்கிறது: தன் பணம், தன் கணக்கு.

சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய 1870களிலிருந்து, தெற்கேயிருந்து வரும் மணல் அதன் சுவரில் தடைப்பட்டு மெரினாவாகக் குவிய, வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரையில் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. தெரு தெருவாகக் குப்பங்கள் உள்ளே போயின. இதைத் தீர்மானித்த எந்தக் கூட்டத்திலும் ஒற்றியூர்க்காரன் ஒருவனும் இருக்கவில்லை.

2011இல் ஒன்பது நகராட்சிகளும் எட்டுப் பேரூராட்சிகளும் இருபத்தைந்து ஊராட்சிகளும் சென்னை மாநகராட்சியோடு ஒரே வீச்சில் இணைக்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆயிற்று. 155 வார்டுகள் 200 ஆயின. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் முதல் மண்டலம், மணலி இரண்டாவது. வார்டுகளை வடக்கிலிருந்து எண்ணியதால் கத்திவாக்கத்துக்கு முதல் எண் கிடைத்தது; வரிப்பணம் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்குச் சென்றது. பெரிய குழாய்களும் பாலங்களும் ஒரு சிறு நகராட்சியால் ஆகக்கூடியவை அல்ல என்பது உண்மையே. இணைப்பினால் நன்மையே இல்லை என்று வாதிடுவது நியாயமாகாது. ஆயினும், மூன்று மன்றங்களில் ஊர் விவகாரத்தைப் பேசி வந்த ஜனங்கள், இருநூறு பேர் கூடும் ஒரு மாமன்றத்தில் இரண்டு மண்டலத்துக் கவுன்சிலர்களின் குரலாகச் சுருங்கினார்கள்.

சில காலம் அந்தக் குரலும் இல்லை. மாமன்றத்தின் ஆயுள் 2016 அக்டோபரில் முடிந்தது; தேர்தல் நடைபெறாமல், தனி அலுவலரின் பொறுப்பில் ஐந்து வருஷங்களுக்கு மேல் நகரம் நடந்தது. 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கன்னங்கரேலென்ற எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கி, ஆட்கள் வாளி வாளியாகக் கையால் அள்ளிக்கொண்டிருந்தபோது, அந்த ஊர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூடக் கிடையாது.

2022 பிப்ரவரி 19ஆம் தேதி தேர்தல் நடந்தது. வார்டுகளிற் பாதி பெண்களுக்கு என்ற ஏற்பாட்டின்படி நடந்த அத்தேர்தலுக்குப் பின், வடசென்னையின் திரு.வி.க. நகரைச் சேர்ந்த ஆர். பிரியா, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த முதற் பெண் மேயராகப் பதவி ஏற்றார். கால் வேலி நிலமும் மந்திர பிராமணமும் கேட்ட குடவோலையில் எந்தத் தகுதியாலும் ஏறியிருக்க முடியாத பெயர். அதே ஆண்டில் வார்டு கமிட்டிகளுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் பிறந்தன. நவம்பர் முதல் தேதியை உள்ளாட்சி தினமாக அறிவித்து, பகுதி சபைகளையும் கூட்டினார்கள். தெருவிளக்கு, கால்வாய் அடைப்பு, ரேஷன் கடை என்று அங்கே எதையும் கேட்கலாம். ஆனால் துறைமுகமும் மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் பகுதி சபையின் அதிகாரத்துக்குள் இல்லை. அந்தச் சபைக்கென்று நிலம் இல்லை, வரி விதிக்கும் உரிமை இல்லை, தனிக் கஜானா இல்லை. இன்ன வேலை முதலில் வேண்டும் என்று அது பரிந்துரைக்கலாம். அதற்கான ரூபாயை ஒதுக்கிக் கையெழுத்திட வேண்டியவர்கள் இன்னமும் ரிப்பன் மாளிகையில் இருக்கிறார்கள்.